ஏழு பேரீச்சம்பழமும் ஒரு சத்து மாத்திரையும்

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 35 வாரம் முடிந்துவிட்டது. வளைகாப்பு முடிந்து பள்ளத்தூரில் ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஈப்போவில் இருக்கும் நாத்தனார் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். "தினமும் ஏழு சாப்பிடு, வலி தானாக வரும், ஆபரேஷன் இல்லாமல் பிறக்கும், இங்கே ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள்" என்கிறார். பழத்தில்தான் இரும்பு இருக்கிறதே, மாத்திரை மலச்சிக்கல் பண்ணுகிறதே என்று நான் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் ஆகிறது. இதற்குள் அப்பத்தா, "பேரீச்சம்பழம் சூடு, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு ரத்தம் 10.2. ஆறாம் மாதம் சர்க்கரை பார்த்தபோது 136, பார்டர் என்றார்கள். நான் சாப்பிடலாமா? எத்தனை? பிள்ளை பிறந்ததும் பேரீச்சம்பழத்தைக் கரைத்து நாக்கில் தடவிச் சேனை வைக்கலாம் என்கிறார் ஆத்தா. அது சரியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பள்ளத்தூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேட்டது பேரீச்சம்பழத்தைப் பற்றி. அதற்கு விவரமாகவே வருகிறேன். ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, மாத்திரையை நிறுத்தியதாக, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. இன்று ராத்திரியே அதை மறுபடி ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணத்தைச் சொல்கிறேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உங்களுக்கு 10.2. பெரிய ஆபத்தில் இல்லை, ஆனால் அலட்சியம் செய்யும் இடத்திலும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கொடுக்கிறாரே, அந்த ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பேரீச்சையில் உள்ள இரும்பு வகைக்கு வகை மாறும். ஆனாலும் எந்தக் கணக்கைப் பார்த்தாலும், ஏழு பழத்தில் கிடைப்பது சில மில்லிகிராமைத் தாண்டாது. பழம், காய், தானியத்தில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வதும் கொஞ்சம்தான். 60 எங்கே, இது எங்கே? பேரீச்சம்பழம் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். நல்ல உணவு என்ற அளவில் சரி, ரத்தசோகைக்கு மருந்து என்ற அளவில் போதாது.

பிரசவத்தில் எல்லாம் நன்றாக நடந்தாலும் ரத்தம் போகத்தான் செய்யும். பிள்ளை பிறந்த பிறகு அரை லிட்டருக்கு மேல் போனால் அதை அதிக ரத்தப்போக்கு என்போம். ரத்தம் 12 இருக்கிற பெண் அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் எழுந்து நடமாடிவிடுவாள். 9-க்கோ 8-க்கோ இறங்கியவளுக்கு அதே அளவு போனாலே தலை சுற்றி, மூச்சு வாங்கி, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்துவிடும். உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ ஐந்து வாரம் இருக்கிறது. அதில் இரண்டு வாரத்தை விட்டுவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம், மீதியைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த வாரமே போய் ரத்தத்தை ஒரு தடவை பாருங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் இரண்டு மாத்திரை போடச் சொல்லலாம். நாள் குறைவாக இருப்பதால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம் என்றும் சொல்லலாம். அதற்குப் பயப்படாதீர்கள். கடைசி மாதங்களில் ரத்தசோகை இருப்பவர்களுக்கு இப்போது பரவலாகச் செய்வதுதான்.

மலச்சிக்கல் நிஜமான தொல்லை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கர்ப்பத்தில் குடல் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதன் மேல் இரும்பு மாத்திரையும் சேர்ந்தால் சில பெண்களுக்கு மூலம் வெளியே தள்ளும் அளவுக்குப் போய்விடும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். இதைச் சொன்னால் டாக்டர் வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றித் தருவார், மலம் இளக மருந்தும் தருவார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. வயிறு புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். காபி, டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் சேராது. காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். நம் பக்கத்து வீடுகளில் ஃபில்டர் காபிக்கு நேரம் காலம் கிடையாது. மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது காபிக் கணக்கைத்தான்.

மாத்திரையை விட்டுவிட்டு நீங்கள் பிடித்துக்கொண்ட அந்தப் பழம், மாத்திரை தரும் தொல்லைக்கு நல்ல துணை. பேரீச்சையில் நார்ச்சத்து நிறைய. 100 கிராமில் 7, 8 கிராம் இருக்கும். தண்ணீரும் நன்றாகக் குடித்தால் மலம் இளகும். ஆகவே இரண்டும் வேண்டும் உங்களுக்கு, ஒன்றுக்குப் பதில் ஒன்று வேண்டாம்.

இனி அப்பத்தா. பெட்டியை உள்ளே வைத்த அப்பத்தா மேல் கோபப்படாதீர்கள். பப்பாளி, அன்னாசி, எள், பேரீச்சை என்று "சூடு" வரிசையில் இருப்பதையெல்லாம் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பயம். கரு கலைந்துவிடுமோ என்ற அந்தப் பயத்துக்குப் பின்னால் இருப்பது பாசம். ஆனால் பேரீச்சம்பழத்தை உணவாக, அளவாகச் சாப்பிட்டதால் கரு கலைந்தது என்றோ, குறைமாதத்தில் வலி வந்தது என்றோ காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. எந்த மாதத்திலும் இரண்டு மூன்று பழம் சாப்பிடலாம். அப்பத்தாவிடம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் இவற்றோடு பேரீச்சம்பழமும் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்வதற்கான பிக்மி எண் வாங்கிப் பதிந்திருந்தால் உங்களுக்கும் கிடைத்திருக்கும், ஒருவேளை வீட்டில் ஏதோ ஒரு அலமாரியில் அதுவும் இருக்கும். அரசாங்கம் கொடுக்கிறது என்றால் பெரியவர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

உங்கள் நாத்தனார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அவர் இருக்கும் நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி சொன்னதற்கும் அவர் உங்களிடம் சொன்னதற்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கிறது.

இந்தப் பேச்சு பெரிதானது ஜோர்டானில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து. பிரசவத் தேதிக்கு முந்திய நான்கு வாரம் தினமும் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்ட 69 பெண்களையும், சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் சராசரியாக மூன்றரை சென்டிமீட்டர் திறந்திருந்தது, சாப்பிடாதவர்களுக்கு 2 சென்டிமீட்டர். தானாக வலி கண்டவர்கள், சாப்பிட்டவர்களில் 100-க்கு 96, சாப்பிடாதவர்களில் 79. வலியின் ஆரம்பக் கட்டம், அதாவது விட்டு விட்டு வலித்து வாய் மெல்ல இளகும் அந்த நீண்ட நேரம், சாப்பிட்டவர்களுக்குச் சராசரி எட்டரை மணி நேரம், சாப்பிடாதவர்களுக்குப் 15 மணி நேரம். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த ஆய்வில் யார் சாப்பிடுவது, யார் சாப்பிடாமல் இருப்பது என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. அப்படிப் பிரிக்காவிட்டால், பழம் சாப்பிட்டவர்கள் மற்ற விதங்களிலும் உடம்பைக் கூடுதலாகக் கவனித்துக்கொண்டவர்களாக இருந்திருக்கலாம். பலன் பழத்தால் வந்ததா, அதனால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மலேசியாவில் செய்து 2017-இல் வெளியிட்டது இதைவிடக் கறாரான ஆய்வு. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 154 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 37-ஆம் வாரத்திலிருந்து தினமும் ஏழு பழம். நாத்தனார் சொல்லும் ஏழு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். என்ன கண்டார்கள்? தானாக வலி வருவதில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் வலி வந்த பிறகு அது போதாமல் டிரிப்பில் மருந்து ஏற்றி வலியைக் கூட்ட வேண்டிய தேவை, பழம் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. சாப்பிடாதவர்களில் 100-க்கு 50 பேருக்கு அது தேவைப்பட்டது, சாப்பிட்டவர்களில் 37 பேருக்கு. ஈரானிலும் தினமும் 70, 75 கிராம் என்று எடை போட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கர்ப்பப்பை வாய் கூடுதலாக இளகியிருந்தது என்றார்கள்.

இப்படி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் 2020-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய் பிரசவத்துக்குத் தயாராவதில் கொஞ்சம் உதவுகிறது, வலி நன்றாகப் பிடித்த பிறகான கட்டம் கொஞ்சம் குறுகுகிறது என்று தெரிந்தது. ஆபரேஷன் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ஆய்வுகள் சிறியவை, தரம் போதாது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பழத்தில் இருக்கும் எது இதைச் செய்கிறது என்பதும் உறுதியாகவில்லை. பிரசவ வலியைக் கொண்டுவரும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்குக் கர்ப்பப்பை கூடுதலாக இணங்கும்படி ஏதோ செய்கிறது என்பது ஒரு ஊகம், அவ்வளவுதான்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது: 37 வாரம் முடிந்ததும் சாப்பிடுங்கள். கெடுதல் இல்லை, கொஞ்சம் நல்லது நடக்க வாய்ப்பு இருக்கிறது. பிரசவத்தின் பாரத்தை மட்டும் அந்தப் பழத்தின் தலையில் ஏற்றிவைக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். அந்தப் பயம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நியாயமான பயம்தான். ஆனால் ஆபரேஷன் ஏன் வருகிறது என்று பாருங்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தலைக்குப் பதில் பிட்டம் கீழே இருக்கிறது, நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை அடைத்திருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வலியின் நடுவில் பிள்ளையின் இதயத் துடிப்பு குறைகிறது. இதில் எதைப் பேரீச்சம்பழம் மாற்றும்? எதையும் மாற்றாது. ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருக்கும் பெண்ணிடம், "நீ ஒழுங்காக நடக்கவில்லை, குனிந்து வீட்டைக் கூட்டவில்லை, அதனால்தான் வயிற்றைக் கிழித்தார்கள்" என்று பார்க்க வருகிற உறவுக்காரர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். தையல் வலியோடு பாலும் கொடுத்துக்கொண்டு அந்தப் பெண் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருப்பாள். அந்த வரிசையில் நாளைக்கு "ஏழு பழம் சாப்பிடவில்லை" என்பதும் சேர்ந்துவிடக் கூடாது. நீங்கள் ஒரு நாள் கூட விடாமல் சாப்பிட்டும் ஆபரேஷன் ஆகலாம். ஒரு பழம் கூடச் சாப்பிடாத உங்கள் தோழிக்குச் சுகப்பிரசவம் ஆகலாம். அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. இந்த இடத்தை உங்கள் ஆத்தாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சரி, எவ்வளவு சாப்பிடுவது? "ஏழு" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழத்துக்குப் பழம் எடை வேறு. நம் ஊர்க் கடைகளில் பாக்கெட்டில் வரும் சாதாரணப் பழம் ஒன்று 8, 10 கிராம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் மெஜூல் என்கிற பெரிய பழம் ஒன்றே 20 கிராமைத் தாண்டும். அதில் ஏழு சாப்பிட்டால் ஆய்வில் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு ஆகிவிடும். எண்ணிக்கையை விடுங்கள், எடையைப் பிடியுங்கள். கொட்டை நீக்கி ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் போதும், உங்கள் பெட்டியிலிருக்கும் பழத்தில் அது எத்தனை என்று தெரிந்துவிடும். பெரிய பழமாக இருந்தால் மூன்றுதான் வரும்.

அடுத்தது உங்கள் சர்க்கரை. நம் நாட்டில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். 140 வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறோம். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வெறும் வயிற்றில் வந்தாலும் செய்யக்கூடிய இந்தச் சுலபமான முறை நாடு முழுக்கப் பரவப் பாடுபட்டவர் நம் சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷய்யா. உங்களுக்கு 136, கோட்டுக்குக் கீழேதான். ஆனால் அது ஆறாம் மாதக் கணக்கு. கர்ப்பம் முற்ற முற்ற, நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்தும், அதனால் அப்போது சரியாக இருந்தவர்களுக்கும் பின்னால் ஏறலாம். 70 கிராம் பேரீச்சையில் ஏறத்தாழ 45, 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு கப் சோற்றில் கிடைக்கும் மாவுச்சத்தும் அவ்வளவுதான். ரத்தத்தில் அது திடுதிப்பென்று ஏறாது, நார்ச்சத்து கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

அதனால் உங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு படி கூடுதல். ரத்தம் பார்க்கப் போகும்போதே வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்ட பிறகு 120-க்குக் கீழே இருந்தால் 37 வாரம் முடிந்ததும் ஆரம்பிக்கலாம். ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை பாருங்கள். ஏறியிருந்தால் நிறுத்திவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. முதல் பரிசோதனையிலேயே கூடுதலாக இருந்தால் இந்தப் பழத் திட்டமே உங்களுக்கு வேண்டாம், டாக்டர் சொல்லும் உணவுமுறைதான். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கும், பருத்தால் பிரசவம் கடினமாகும். சுகப்பிரசவத்துக்கென்று சாப்பிட ஆரம்பித்து அதற்கே இடைஞ்சல் செய்துகொள்ளக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், இந்தப் பழத்தில் பொட்டாசியம் அதிகம்.

சாப்பிடும்போது மொத்தமாக உட்கார்ந்து தின்னாமல் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலையோ பாதாமோ ஒரு பிடி சேர்த்துக்கொண்டால் சர்க்கரை நிதானமாக ஏறும். இன்னொன்று, பழத்தை வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஏற்றாதீர்கள், எதையாவது எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள். வளைகாப்புக்குப் பிறகு நம் பக்கத்துப் பெண்களுக்கு நடக்கும் உபசாரம் எனக்குத் தெரியும். காலையில் கவுனி அரிசி, சாயங்காலம் கந்தரப்பம், அடுத்த நாள் பால் பணியாரம், பார்க்க வருகிறவர் கையிலெல்லாம் ஒரு பலகாரப் பொட்டலம். அதில் சாயங்காலத்து இனிப்பை நிறுத்திவிட்டுப் பேரீச்சை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். தேனில் ஊறவைத்தது, சிரப் என்று பாட்டிலில் வருவது இரண்டும் வேண்டாம். பாக்கெட் பழம் வாங்கினால் குளுக்கோஸ் சிரப் சேர்த்திருக்கிறார்களா என்று பின்பக்கம் பாருங்கள், தொட்டால் விரலில் பிசுபிசுவென்று பாகு ஒட்டுகிற பழம் பெரும்பாலும் அந்த வகைதான்.

பழத்தை முழுசாக வாயில் போடாதீர்கள். விரலால் இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். நல்ல பழத்தின் உட்புறம் தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். கொட்டை இருந்த குழியில் கரிப்பொடி தூவியதுபோல் கறுப்பாக இருந்தால் அது பூஞ்சணம். சில பழத்தில் சின்னப் புழுவோ அதன் எச்சமோ இருக்கும். அந்தப் பழத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள், நல்ல பாதியைத் தின்னலாம் என்று பார்க்காதீர்கள். நம் ஊர் வெயிலில் திறந்த பெட்டி வெளியே இருந்தால் எறும்பும் வண்டும் வந்துவிடும். மூடி போட்ட டப்பாவில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளியுங்கள், பல்லில் ஒட்டிக்கொள்ளும் பண்டம் இது. கர்ப்பத்தில் ஈறு வேறு வீங்கி இருக்கும்.

பழத்தின் கூடவே விளக்கெண்ணெய்ப் பேச்சும் உங்கள் வீட்டில் வரும். தேதி நெருங்கினால் ஒரு கரண்டி குடிக்கச் சொல்வார்கள். குடிக்காதீர்கள். பேதியாகி, வாந்தி எடுத்து, உடம்பில் நீர் வற்றி, பிரசவத்துக்கு முன்னாலேயே துவண்டுபோவீர்கள். நெய்யைக் கட்டி கட்டியாகச் சாப்பிட்டால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும் என்பதும் இல்லாத விஷயம். வயிற்றுக்குப் போகும் நெய்க்கும் கர்ப்பப்பைக்கும் வழியே கிடையாது. நடப்பது நல்லது. வெயில் இறங்கிய பிறகு வளவிலேயே சுற்றிச் சுற்றி நடக்கலாம், மூச்சு வாங்காத அளவுக்கு.

வலி கண்டால் சீரகத் தண்ணீர் குடித்துப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிரசவ வலியானால் கூடும் என்பார்கள். குடியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதன் முடிவுக்காகக் காத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் பிரசவத்தில் வலி ஆரம்பித்து, நன்றாகப் பிடித்து, பிள்ளை பிறக்க நேரம் ஆகும். விட்டு விட்டு வரும் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று ஒழுங்குக்கு வந்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்து நீர் போனாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி பக்கம்தான். நடுராத்திரி கார் கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். தேதி தாண்டினால் வீட்டில் உட்கார்ந்து இன்னும் இரண்டு பழம் கூட்டிச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 41 வாரத்துக்குப் பிறகு வலி வரவைப்பதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. ஜெல் வைப்பது, டிரிப் போடுவது எல்லாம் அதற்குத்தான்.

பிள்ளை பிறந்த பிறகும் நீங்கள் பேரீச்சை சாப்பிடலாம், பத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. இரும்பு மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தொடர வேண்டும். வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள், அதை மட்டும் கேட்காதீர்கள். பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்.

கடைசியாகச் சேனை. ஆத்தாவின் ஆசை எனக்குப் புரிகிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இஸ்லாமியக் குடும்பங்களில் பேரீச்சையை மென்று பிறந்த குழந்தையின் வாயில் தடவும் வழக்கமும் உண்டு. ஆனால் மருத்துவராக நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பேரீச்சைக் கரைசல், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் எதுவானாலும் சரி. விரலில், சங்கில், தண்ணீரில் இருக்கும் கிருமி நேராகப் பிள்ளையின் குடலுக்குப் போகும். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைப் பாதிக்கும். இனிப்பால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் சரியாகச் சப்பாது, சப்பாவிட்டால் பால் ஊறுவது தள்ளிப்போகும். அந்தப் பெரியவரையே பிள்ளையைத் தூக்கி உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். ஆபரேஷன் ஆனாலும் நர்ஸிடம் கேட்டால் பக்கத்தில் படுக்கவைத்துப் பிடிக்க உதவுவார்கள். முதல் நாள் சில துளிதான் வரும், மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். பால் வரவில்லை என்று யாராவது பவுடர் டப்பா வாங்க ஓடுவார்கள், ஓட விடாதீர்கள். அந்த வயிற்றுக்கு அந்தச் சில துளி போதும். டாக்டர் சொன்னால் தவிர ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் கூட வேண்டாம்.